பிள்ளைங்க ரொட்டி

ரொட்டியக்கா: நில்லுங்க கொழுந்தனாரே! கால்... கால் கோட்டைத் தாண்டுது பாருங்க.

கொழுந்தன்: கட்டைவிரல் மட்டும்தான் அண்ணி தாண்டியிருக்கு.

ரொட்டியக்கா: அந்தக் கட்டைவிரல்ல எவ்வளவு மாவு ஒட்டியிருக்குன்னு எனக்குத் தெரியும். காலையிலேர்ந்து முன்கடையில கோதுமை மாவுலயே குளிச்சிட்டு வந்து நிக்கிறீங்க. பின்னாடி எடுங்க.

கொழுந்தன்: எடுத்துட்டேன். போதுமா? ஆறு வருஷமா என் சொந்தக் கடையில ஒரு ரூமுக்குள்ள போக எனக்கு அனுமதி இல்ல. வெளியில சொன்னா சிரிப்பாங்க.

ரொட்டியக்கா: சிரிக்கட்டும். என்ன விஷயம்? அதைச் சொல்லுங்க.

கொழுந்தன்: மேசை வந்திருக்கு. தச்சரு வண்டியிலேர்ந்து இறக்கிட்டாரு. ஒத்தை ஆளா முதுகுல சுமந்துட்டு வர்றாரு. கை குடுக்கலாம்னா நீங்க இங்கயே மறிக்கிறீங்க.

ரொட்டியக்கா: ஐயோ, அவ்வளவு பெரிய மேசையைத் தனியாவா... தம்பி! மெதுவா, மெதுவா! வாசல் நிலை இடிக்கும், குனிஞ்சு வா!

தச்சர்: வந்துட்டேன்க்கா... செருப்பைக் கழட்டிட்டேன்... சட்டையும் புதுசு. மரத்தூளு ஒண்ணும் இல்ல. எங்க வைக்கட்டும்?

ரொட்டியக்கா: அந்த ஜன்னலோரம். இறக்கு, இறக்கு... அப்பாடா. உட்காரு முதல்ல. தண்ணி குடி.

தச்சர்: ஒரே பலகைக்கா. ஒட்டு இல்ல, இணைப்பு இல்ல, ஆணி இல்ல. எண்ணெய் மட்டும் மூணு கை ஏத்தியிருக்கேன். நாளைக்கே நீங்க இதுல மாவு பிசையலாம்.

கொழுந்தன்: தச்சரே, என்னமா இழைச்சிருக்கீங்க! முகம் பாத்துத் தலை சீவலாம் போலிருக்கே.

ரொட்டியக்கா: எட்டிப் பாக்காதீங்க, விழுந்துடுவீங்க. முன்கடையில ஆள் யாரும் இல்லையா?

கொழுந்தன்: இருக்காங்க, இருக்காங்க. கடைப் பொண்ணு பாத்துக்குது. நான் இந்த மேசைக்கு நியாயம் கேக்காம போக மாட்டேன்.

ரொட்டியக்கா: என்ன நியாயம்?

கொழுந்தன்: பழைய மேசையில விரிசலாம். அந்த விரிசல்ல கோதுமை மாவு தங்கிடுச்சாம். அது பிள்ளைங்க ரொட்டியில கலந்துடுச்சாம். தப்பு முழுக்க இவங்களோடதாம். இப்படி ரொட்டி வாங்கற பத்தொம்போது வீட்டுக்கும் கைப்பட எழுதி அனுப்பியிருக்காங்க தச்சரே. எங்க அண்ணி! தப்புன்னு ஒத்துக்கிட்டிருக்காங்க! கல்யாணமாகி வந்த நாளிலேர்ந்து நான் பாத்ததில்ல. காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன்.

தச்சர்: எங்க வீட்டுக்கும் வந்துச்சு... படிச்சேன்.

கொழுந்தன்: படிச்சீங்கல்ல? இந்த ரூமுல என்னிக்காவது கோதுமை மாவு வந்திருக்கா? தனி அடுப்பு, தனித் தட்டு, தனி ஏப்ரன். நான் பக்கத்துல தும்மினாக்கூட கதவைச் சாத்துறாங்க. அப்புறம் மாவு எங்கேர்ந்து வந்துச்சு? பறந்தா?

ரொட்டியக்கா: பறந்துதான் வந்திருக்கும். உங்க தலையிலேர்ந்து.

கொழுந்தன்: ஆமா, எல்லாம் என் தலையில. அந்தச் சோதனைக்கூடத்துக்கு ரொட்டி அனுப்பினீங்களே, சீட்டு வந்துச்சா?

ரொட்டியக்கா: வரலை.

கொழுந்தன்: மூணு வாரமா?

ரொட்டியக்கா: வரும்போது வரும். சீட்டு வர்ற வரைக்கும் பிள்ளைங்க ரொட்டி இல்லாம பட்டினியா கிடக்கணுமா? மேசை மாறிடுச்சு, பிரச்சினை முடிஞ்சுது. நாளைக்குப் பெத்தவங்களோட வருஷக் கூட்டம். பத்தொம்போது வீடும் வரும். புது மேசையில போட்ட ரொட்டின்னு எல்லார் கையிலயும் குடுக்கப் போறேன்.

கொழுந்தன்: வாங்குவாங்களா?

ரொட்டியக்கா: ஏன் வாங்க மாட்டாங்க?

கொழுந்தன்: இல்ல, கேக்கறேன். தச்சரே, நீங்களே சொல்லுங்க. உங்க வீட்டம்மா வாங்குவாங்களா? அன்னிக்குப் பெத்தவங்க எல்லாரும் கூடின ஹால்ல அவங்க கத்தின கத்து... எங்க அண்ணியை அப்படி ஒருத்தரும்...

ரொட்டியக்கா: பெத்தவ. கத்துவா. பொண்ணோட ரத்தத்துல புரதச் சத்து அளவு ரெண்டு மடங்கு ஏறியிருக்குன்னு காகிதத்தைக் கையில வச்சிருந்தா. வீட்டுல எல்லாத்தையும் எடை போட்டுப் போடறா, மாறினது எதுவும் இல்ல, வெளியிலேர்ந்து வர்றது இந்த ரொட்டி ஒண்ணுதான். அவ இடத்துல நீங்க இருந்தாலும் கத்துவீங்க, நான் இருந்தாலும் கத்துவேன்.

தச்சர்: அவ... மன்னிப்பு கேக்கணும்னு சொல்லிட்டிருக்காக்கா. கடுதாசி வந்ததும் அழுதுட்டா. தப்பை ஒத்துக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்னா.

ரொட்டியக்கா: பாத்தீங்களா கொழுந்தனாரே? அவ வாங்குவா. மத்தவங்களும் வாங்குவாங்க.

கொழுந்தன்: எனக்கு வயிறு எரியுது அண்ணி. ஊரே உங்களைப் பெருமையா பேசிட்டிருந்துச்சு. காலையில கூட ஒரு அம்மா கேட்டாங்க, அந்த ரூமுல மட்டும் என்ன தங்கமா வேகுதுன்னு. நான் சொன்னேன்... சில பிள்ளைங்க பொறக்கும்போதே அப்படிப் பொறக்குதும்மா, நாம திங்கிற முட்டை, பால், பருப்பு, சாதா ரொட்டி, அதுல இருக்கிற புரதத்தை அதுங்க உடம்பால உடைக்க முடியாது, ரத்தத்துல தேங்கி மூளையைக் கெடுத்துடும், அதனால அதுங்களுக்குன்னு தனி மாவு, தனி ரொட்டி, ஒரு காசு வாங்காம எங்க அண்ணி போடறாங்கன்னு.

ரொட்டியக்கா: நான் மட்டுமா போடறேன்? மாவை மில்லு சும்மா தருது. வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் குடுக்கிறது ஸ்கூல் வேன் டிரைவரு. ஏதோ நான் ஒருத்தியே மலையைப் புரட்டின மாதிரி பேசாதீங்க.

கொழுந்தன்: பாத்தீங்களா தச்சரே, அடக்கம்! எங்க அண்ணிக்கு அடக்கம்! நிஜமாவே உடம்பு சரியில்ல இவங்களுக்கு. சரி, அந்த அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? அட்டைப்பெட்டி போடற கம்பெனியாம். ரொட்டி வைக்கிறதுக்கு மாசா மாசம் பெட்டி அனுப்பறேன்னு சொல்லிட்டுப் போனாங்க.

ரொட்டியக்கா: அடடே! அதை முதல்ல சொல்ல வேண்டியதுதானே!

கொழுந்தன்: சொல்ல விட்டாத்தானே... அங்க யாரோ கூப்பிடறாங்க. வர்றேன், வர்றேன்! இந்தப் பொண்ணு ஒரு ரொட்டி வெட்டக் கூட... வந்து பேசிக்கிறேன் அண்ணி.

ரொட்டியக்கா: போங்க, போங்க. ...போயிட்டாரா? நல்ல மனுஷன். வாய்தான் கொஞ்சம் நீளம். தண்ணி குடிச்சியா தம்பி?

தச்சர்: குடிச்சேன்க்கா.

ரொட்டியக்கா: பொண்ணு எப்படி இருக்கா?

தச்சர்: இறங்கிடுச்சுக்கா அளவு. நேத்து பாத்தோம். பழைய மாதிரியே வந்துடுச்சு. இப்ப எரிச்சல் இல்ல, கோபம் இல்ல, ஸ்கூல்ல கணக்குல முழு மார்க்கு.

ரொட்டியக்கா: என் தங்கம்! எனக்குத் தெரியும் அவ சூரப்புலின்னு. முதல் ரொட்டியைத் தின்னது யாரு தெரியுமா? அவதான். அதுக்கு முன்னாடி எட்டு மாசம் நான் போட்டதெல்லாம் ரொட்டியா? செங்கல்! அந்த மாவு இழுக்காது, ஒட்டாது, கையில பிடிச்சா ஆத்து மணல் மாதிரி உதிரும். கொழுந்தனாரு ஒண்ணை எடுத்துக் கதவுக்கு முட்டுக் குடுத்தாரு. விடுவேனா நான்? இருபத்தஞ்சு வருஷம் மாவோட மல்லுக்கட்டினவ, ஒரு மாவுக்குத் தோத்துப் போறதான்னு... ஒன்பதாம் மாசம் எழும்பிச்சு பாரு! உம் பொண்ணுக்கு அப்ப மூணு வயசு. விரலால அழுத்தறா, உள்ள போகுது. எடுக்கறா, எழும்புது. அழுத்தறா, எழும்புது. சிரிக்கறா.

தச்சர்: பல வீட்டுல ரொட்டியைப் பாத்தது அன்னிக்குத்தான்க்கா. மத்த பிள்ளைங்க மாதிரி டிபன் டப்பாவுல ரொட்டி கொண்டு போறோம்னு... அவளுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? வரிசையில பக்கத்துல உக்காந்த பிள்ளைக்கெல்லாம் காட்டுவா, எங்க ரொட்டியக்கா போட்டதுன்னு.

ரொட்டியக்கா: சொல்லு, சொல்லு. இதைக் கேக்கத்தானே கழுத்து வலிக்க நிக்கிறேன்.

தச்சர்: அக்கா... அந்தப் பழைய மேசை எங்க?

ரொட்டியக்கா: அதோ, சுவரோரமா சாத்தியிருக்கேன். எதுக்கு?

தச்சர்: சும்மா. பாக்கலாம்னு.

ரொட்டியக்கா: அதுல என்ன பாக்க இருக்கு? நாளைக்குத் தூக்கிப் போடப் போறேன். புதுசைப் பாரு, இங்க வா, இந்தக் காலு ஆடுற மாதிரி இருக்கே...

தச்சர்: ஆடாதுக்கா. நான் செஞ்சது ஆடாது. ...இது நல்ல மரமாச்சே. எண்ணெய் இன்னும் உள்ள நிக்குது.

ரொட்டியக்கா: தம்பி, விடு அதை.

தச்சர்: விரிசல் எந்தப் பக்கம்க்கா?

ரொட்டியக்கா: அங்கதான் எங்கயோ. அடியில.

தச்சர்: அடியில இருந்தா மாவு எப்படிக்கா போகும்?

ரொட்டியக்கா: அடியில இல்ல... ஓரத்துல. கண்ணுக்குத் தெரியாது. உள்விரிசல்.

தச்சர்: உள்விரிசல் இருந்தா தட்டினா சொல்லிடும். பாருங்க... கேக்குதா? கணீர்னு வருதே. இந்த ஓரம்... இந்த மூலை... இங்கயும் கணீர்னுதான். விரிசல் விட்ட மரம் சளி பிடிச்ச மாதிரி சத்தம் குடுக்கும்க்கா.

ரொட்டியக்கா: நீ தச்சனா, டாக்டரா? மரத்துக்கு நாடி பாத்துக்கிட்டு.

தச்சர்: பதினேழு வருஷமா இந்த வேலை பாக்கறேன். இந்த மேசையில ஒரு மயிரிழை கூட இல்ல.

ரொட்டியக்கா: சரி, இல்ல. எனக்கு இருக்கிற மாதிரி தெரிஞ்சுது. வயசாகுது, கண்ணு போச்சு. கண்ணாடி மாத்தணும்.

தச்சர்: போன வாரம்தான் முன்கடை மாவுல விழுந்த ஒரு தலைமுடியைப் பத்தடி தூரத்துலேர்ந்து கண்டுபிடிச்சு மொத்தத்தையும் கொட்டினீங்கன்னு உங்க கொழுந்தனாரு சொன்னாரு.

ரொட்டியக்கா: அந்த மனுஷன் வாயைத் தைக்கணும்.

தச்சர்: எதுக்குக்கா பொய் எழுதினீங்க?

ரொட்டியக்கா: யார் பொய் எழுதினது? ஏதோ ஒரு தப்பு நடந்திருக்கு, எங்கேன்னு தெரியலை. மேசையைச் சொன்னா மேசையை மாத்தலாம். லேசுல முடியும். அவ்வளவுதான். இந்தா, இந்தத் துணியைப் பிடி, புது மேசையைத் துடைப்போம்.

தச்சர்: நீங்க உங்க ரொட்டியைப் பத்தி ஒருத்தர் அரை வார்த்தை சொன்னாலும் தெருவுக்கு வந்து சண்டை போடறவங்க. அந்த ஹோட்டல்காரரு உப்பு கம்மின்னு சொன்னதுக்கு ஒரு மாசம் அவருக்கு ரொட்டி குடுக்கலை நீங்க.

ரொட்டியக்கா: அவருக்கு நாக்குல கோளாறு. உப்பு சரியாத்தான் இருந்துச்சு.

தச்சர்: அப்படிப்பட்ட ஆளு எங்க வீட்டுக்காரி நடு ஹால்ல நிக்க வச்சுக் கேட்டப்ப தலையைக் குனிஞ்சீங்க. நான் பாத்தேன்.

ரொட்டியக்கா: குனியத்தான் செய்வேன். ஒரு பிள்ளை தலைக்குள்ள போற விஷயம். அன்னிக்கு ராத்திரி பூரா உக்காந்து நானும் யோசிச்சேன். எங்கயாவது தவறிட்டேனா, எங்கயாவது கை மாறிடுச்சான்னு. மூணு தடவை இந்த ரூமைக் கழுவினேன். சுவத்தை, ஜன்னல் கம்பியை... நான் ஒரு பிள்ளைக்குக் கெடுதல் பண்ணிட்டேனோன்னு விடியற வரைக்கும் தேய்ச்சுட்டே இருந்தேன் தம்பி.

தச்சர்: போதும்க்கா.

ரொட்டியக்கா: என்ன?

தச்சர்: நிறுத்துங்க. இதுக்கு மேல கேக்க முடியலை.

ரொட்டியக்கா: சரி, துணியைக் குடு. நான் துடைச்சுக்கிறேன்.

தச்சர்: நான்தான்க்கா. நான்தான் பொண்ணுக்குக் குடுத்தேன். முட்டை. அவ ஸ்கூல் விட்டு நேரா பட்டறைக்கு வருவா. அவங்கம்மா வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் என்கூடத்தான். நான் சாயந்திரம் ஒரு முட்டை திம்பேன். தினமும் பாத்துட்டே இருப்பா. கேக்க மாட்டா. அவளுக்குத் தெரியும், கேக்கக் கூடாதுன்னு. ஒரு நாள் கேட்டா... சாப்பிடணும்னு கேக்கலக்கா. "அப்பா, அது எப்படி இருக்கும், சொல்லு"ன்னு கேட்டா.

ரொட்டியக்கா: ம்.

தச்சர்: சொல்லத் தெரியலை எனக்கு. முட்டை எப்படி இருக்கும்னு எப்படிச் சொல்றது? மெத்துன்னு இருக்கும்னேன். "என் ரொட்டி மாதிரியா"ன்னா. இல்லம்மான்னேன். அப்ப எப்படின்னா. ...ஒரு ஓரம் கிள்ளிக் குடுத்தேன்.

ரொட்டியக்கா: ஒரு நாளா?

தச்சர்: இல்லக்கா. மூணு வாரம். தினமும். ஒண்ணும் ஆகலையேன்னு மறுநாள் கொஞ்சம் பெரிசா... கடைசியில பாதி முட்டை. "அம்மாகிட்ட சொல்லாதே"ன்னேன். ஒன்பது வயசுப் பிள்ளைகிட்ட!

ரொட்டியக்கா: உட்காரு. கீழ உட்காரு முதல்ல.

தச்சர்: இந்த நோய் எங்கேர்ந்து வந்துச்சு? பாதி என்கிட்டேர்ந்து, பாதி அவங்கம்மாகிட்டேர்ந்து. எங்களுக்குள்ள இருந்ததே எங்களுக்குத் தெரியாது. நான் அவளுக்குக் குடுத்தது இதுதான்க்கா. ஒரு ருசியாவது குடுக்கலாமேன்னு... புத்தி கெட்டுப் போச்சு. டாக்டர் அத்தனை தடவை படிச்சுப் படிச்சு சொல்லியும்.

ரொட்டியக்கா: இப்பக் குடுக்கறியா?

தச்சர்: ஐயோ, இல்லக்கா. ரத்தம் பாத்த அன்னிக்கே நிறுத்திட்டேன். நானும் முட்டையைத் தொடறதில்ல. பட்டறைக்கு எதுவுமே கொண்டு போறதில்ல. அவளும் நானும் உங்க ரொட்டியைத்தான்... அதுவும் மூணு வாரமா இல்ல.

ரொட்டியக்கா: அதான் இளைச்சுப் போயிட்டியா. பாவி.

தச்சர்: திட்டுங்கக்கா. அதுக்குத்தான் வந்தேன். இல்ல... திட்டு வாங்க வரலை. மேசையைக் குடுத்துட்டு ஓடிடலாம்னுதான் வந்தேன். பொய் சொல்ல விருப்பமில்ல. ரா பகலா இழைச்சேன், மேசை நல்லா வந்துட்டா மனசு ஆறிடும்னு. ஆறலை.

ரொட்டியக்கா: மேசை நல்லாத்தான் வந்திருக்கு.

தச்சர்: நாளைக்குக் கூட்டத்துல நானே எந்திரிச்சு சொல்லிடறேன்க்கா. பத்தொம்போது வீட்டுக்கும் முன்னாடி. ரொட்டியில தப்பு இல்ல, மேசையில தப்பு இல்ல, தப்பு என் கையிலன்னு. காறித் துப்பினாலும் சரி.

ரொட்டியக்கா: முதல்ல வீட்டுல சொல்லு. இன்னிக்கே சொல்லு. அவ கத்துவா, கேட்டுக்கோ. வாயைத் திறக்காம கேட்டுக்கோ. நாளைக்கு எந்திரிச்சு நிக்கிறதை நான் தடுக்க மாட்டேன். துப்பவெல்லாம் மாட்டாங்க. அந்த ஹால்ல உக்காந்திருக்கிற ஒவ்வொரு அப்பன் அம்மாவுக்கும் ஒரு நாளாவது கை அந்த மாதிரி போயிருக்கும், பாதியில இழுத்துக்கிட்டிருப்பாங்க. நீ சொன்னா இன்னும் நாலு பேரு மூச்சு விடுவாங்க.

தச்சர்: உங்க பேரு கெட்டுப் போச்சேக்கா என்னால. மில்லுக்காரங்க மாவை நிறுத்திடுவாங்களோன்னு வேற பயம்.

ரொட்டியக்கா: யாரு, அவங்களா? திங்கக்கிழமை பாக்க வர்றாங்களாம். வந்து பாக்கட்டும். சுவத்தை நக்கிப் பாக்கட்டும்! இந்த ஊர்லயே இப்படி ஒரு ரூம் கிடையாது. பத்தொம்போது பிள்ளைங்க, ஆறு வருஷம், ஒரு தூசி... ஒரு தூசி போனதில்ல என் கையிலேர்ந்து!

தச்சர்: ...அக்கா.

ரொட்டியக்கா: என்ன?

தச்சர்: இவ்வளவு உறுதியா சொல்றீங்க. சீட்டு இன்னும் வரலைன்னீங்களே.

ரொட்டியக்கா: வரலைன்னு கொழுந்தனாருகிட்ட சொன்னேன். அவருகிட்ட சொன்னா அடுத்த நிமிஷம் கடைக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் தெரியும்.

தச்சர்: அப்ப... எப்ப வந்துச்சு?

ரொட்டியக்கா: ரெண்டு வாரம் ஆச்சு. சுத்தம். கண்ணாடி மாதிரி சுத்தம். நேரா உங்க டாக்டர்கிட்ட போய்க் காட்டினேன், வேற எங்கேயோ பாருங்கன்னு சொன்னேன். அளவு இறங்கிட்டே வருதுன்னு அப்புறம் அவங்கதான் சொன்னாங்க, நீயாவே நிறுத்திட்டேன்னு புரிஞ்சுக்கிட்டேன். அதுக்கப்புறம்தான் கடுதாசி எழுதினேன்.

தச்சர்: சீட்டு வந்த பிறகா? ரொட்டி சுத்தம்னு தெரிஞ்ச பிறகா எழுதினீங்க? ஏன்க்கா? யாருக்காக?

ரொட்டியக்கா: ரொட்டியில தப்பு இல்லன்னு நான் சொல்லியிருந்தா, அன்னிக்கு சாயந்திரமே உம் பொண்ணை நடுவுல நிக்க வச்சு, என்ன தின்னே, யார் குடுத்தான்னு கேட்டிருப்பாங்க. அன்னிக்கு ஹால்ல உம் பொண்டாட்டி கத்தும்போது அத்தனை பேரும் என் மூஞ்சியைப் பாத்துட்டிருந்தாங்க தம்பி. உம் பொண்ணு மட்டும் உன் மூஞ்சியைப் பாத்துட்டிருந்தா... உதட்டை இறுக்கிக் கடிச்சுக்கிட்டு.